பீடத்தில் டாங்கி, காயலான் கடையில் பாலம்

ஒரு போர்வண்டியைப் பீடத்தின்மீது ஏற்றி நிறுத்துவது அதனைப் பாதுகாப்பது ஆகாது. உள்ளிருக்கும் இயந்திரம் இயங்குமா என்பதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. மூடிகளைப் பற்றவைத்து அடைத்து, விழாநாள் நெருங்கும்போது பச்சை வண்ணம் பூசி, சுற்றிலும் சங்கிலி கட்டி நிறுத்திவிட்டால் போதும். இப்படி நிறுத்தப்பட்ட வண்டி பாடம் செய்யப்பட்ட விலங்கையே ஒக்கும். தோல் இருக்கிறது, உயிர் இல்லை. இந்திய நகரங்களின் நாற்சந்திகளிலும் கல்வி நிறுவனங்களின் வாயில்களிலும் இத்தகைய தோல்கள் பல நிற்கின்றன.

2017 ஜூலையில் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கார்கில் வெற்றிநாள் விழா நடந்தது. படையினரின் தியாகத்தை மாணவர்க்கு நினைவூட்டும் வகையில் வளாகத்தில் ஒரு டாங்கி நிறுத்தப்பட வேண்டும் என்றும், அதனைப் பெற்றுத்தர உதவ வேண்டும் என்றும் அப்போதைய துணைவேந்தர் விழாவுக்கு வந்திருந்த மத்திய அமைச்சர்களைக் கேட்டுக்கொண்டார். அதன்பின் எழுந்த விவாதம் ஆய்வுலகில் பலருக்கும் நினைவிருக்கும். டாங்கி வந்தால் நாட்டுப்பற்று வளரும் என்றது ஒரு தரப்பு. டாங்கி வந்தால் சிந்தனை அஞ்சி ஒடுங்கும் என்றது மறுதரப்பு. கடுமையாக மோதிக்கொண்ட இவ்விரு தரப்பும் ஒன்றில் மட்டும் முழுமையாக உடன்பட்டன. டாங்கி ஒரு சின்னம் என்பதே அந்த உடன்பாடு. அது ஓர் இயந்திரம், திறந்து பார்க்கவும் கழற்றவும் கற்கவும் மீண்டும் இயக்கவும் கூடியது என்னும் எண்ணத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதத்தில் இடமே கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் வெட்கப்பட வேண்டியது இதற்காகத்தான்.

சின்னமாகத் தகுதியுடையவற்றை மட்டும் காப்பாற்றும் நாடு, சின்னமாகத் தகாதவற்றை என்ன செய்யும்? காயலான் கடைக்கு அனுப்பும். இந்த அளவுகோலால் முதலில் அழிபவை படைப் பொறியாளரின் வண்டிகள். மண் அள்ளுபவை, பாலம் விரிப்பவை, கண்ணிவெடிப் பரப்பில் வழி திறப்பவை, சேற்றில் புதைந்த வண்டியை இழுத்துக் கரைசேர்ப்பவை ஆகியன அவை. இவற்றுக்கு நீண்ட குழல் இல்லை. வாளி இருக்கிறது, வின்ச் இருக்கிறது, மடித்த பாலம் இருக்கிறது. பீடத்தில் ஏற்றினால் வீரம் தெரியாது, வேலைதான் தெரியும். வேலையை வணங்கும் வழக்கம் ஆயுதபூசை நாளோடு முடிந்துவிடுகிறது.

1971 டிசம்பரில் சகர்கட் பகுதியில் நடந்த பசந்தர் போரை எடுத்துக்கொள்ளலாம். 21 வயது அருண் கேதர்பால் தம் சென்சூரியன் டாங்கியில் நின்று போரிட்டு வீழ்ந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். ‘ஃபாமகுஸ்டா’ என்னும் பெயர்கொண்ட அவரது டாங்கி அகமதுநகரில் பாதுகாக்கப்படுகிறது. அது தகும். ஆனால் அந்த டாங்கிகள் களத்தை அடைந்தது எவ்வாறு? எதிரி புதைத்த கண்ணிவெடிப் பரப்பில், குண்டுமழையின் நடுவே, இரவில் பாதை திறந்தவர்கள் பொறியாளர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9ஆம் பொறியாளர் படைப்பிரிவு அங்கிருந்தது. பாதை முழுமையாகத் திறக்கப்படும் முன்பே டாங்கிகள் அதனுள் புகுந்தன என்பது அப்போரின் வரலாற்றில் பதிவான செய்தி. டாங்கிக்குப் பெயர் உண்டு. அதன் பெயரை நூல்கள் சொல்கின்றன. பாதை திறந்த கருவிகளுள் ஒன்றன் பெயரையேனும் சொல்லக்கூடிய மாணவர் எத்தனை பேர்?

போரை விட்டுவிடலாம். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் நிலம் சரிந்தபோது, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே ஆற்றின்மீது 190 அடி நீளத்தில் பெய்லி பாலம் எழுந்தது. அமைத்தவர்கள் மெட்ராஸ் பொறியாளர் குழுவினர். மண்வாரி இயந்திரங்களும் மீட்பு வண்டிகளும் அதன் வழியாகத்தான் மறுகரை சேர்ந்தன. அந்தப் பாலத்தின் வடிவம் இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்தது. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய போர்க்கருவி ஒன்று நம் காலத்துப் பேரிடரில் உயிர் காத்தது. பழைய படைப் பொறியியலுக்குப் பயன் முடிந்துவிட்டது என்று சொல்வோர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இங்கே சொற்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஒரு வண்டியின் முடிவைச் சுத்தியல் எழுதுவதில்லை, சொல் எழுதுகிறது. அதிகாரிகள் குழு ஒன்று கூடி, ‘சிக்கனமாகப் பழுதுபார்க்க இயலாதது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால், அன்று காலை வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி மாலையில் எடைபோட்டு விற்கும் இரும்பாகிவிடுகிறது. சொல்வதே செய்வதாகும் கூற்றுகளைப் பற்றி ஜே. எல். ஆஸ்டின் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ‘கண்டெம்ட்’ என்பது அலுவலகத்தில் வழங்கும் சொல். தூக்குத் தண்டனை பெற்ற மனிதனுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். போருக்குப்பின் மிஞ்சியவற்றை விற்ற துறையின் பெயரிலேயே ‘டிஸ்போசல்ஸ்’ இருந்தது. அத்துறை 2017 அக்டோபர் இறுதியில்தான் மூடப்பட்டது. இன்று அரசின் மிகைப்பொருள்களை மின்னேலத்தில் விற்கும் எம்எஸ்டிசி நிறுவனம் 1964இல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘மெட்டல் ஸ்கிராப்’ இருந்தது. கழித்துக்கட்டல், கழிவு, இரும்பு ஆகிய சொற்களின் வரிசையில் ‘அறிவு’ என்னும் சொல்லுக்கு இடம் இல்லை.

அந்த இடம் வேறொரு நாட்டில் எவ்வாறு கிடைத்தது என்பதற்கு ஒரு வண்டியே சான்று. பிரிட்டிஷ் படைப் பொறியாளருக்காக வடிவமைக்கப்பட்டு 1970களின் பிற்பகுதியில் பணிக்கு வந்தது எஃப்வி180 என்னும் ‘காம்பாட் எஞ்சினியர் டிராக்டர்’. அலுமினியக் கலவையால் ஆன கவச உடல், சுமார் 17 டன் எடை, சங்கிலித்தடம், இருவர் கொண்ட குழு. மண்வாளியைப் பின்புறம் வைத்துச் சாலையில் ஓடும். மண் அள்ளும்போது திசையை மாற்றிக்கொள்ளும். இரு திசையிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும் வகையில் கியர்பாக்ஸ் அமைந்தது. நீரில் மிதந்து தாரைப் பொறியால் நகரும். எதிர்க்கரை வழுக்கலாக இருந்தால் ராக்கெட்டால் ஒரு நங்கூரத்தை எறிந்து, அது மண்ணில் பற்றியதும் தன் வின்ச்சால் தன்னையே இழுத்துக்கொண்டு ஏறும். இந்த வண்டியை இந்தியத் தரைப்படையும் வாங்கியது. பிரிட்டனில் 2013 முதல் ‘டெரியர்’ என்னும் புதிய வண்டி அதன் இடத்துக்கு வந்தது.

பணி முடிந்த பின் அங்கே நடந்ததுதான் இங்கே கருதத்தக்கது. அவ்வண்டிகளுள் சில தனியார் கைக்குச் சென்றன. பிரிட்டனில் படைக்கலம் செயலிழக்கச் செய்யப்பட்ட கவச வண்டியைக் குடிமகன் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். உரிய பதிவும் காப்பீடும் இருந்தால் சாலையிலும் ஓட்டலாம். சங்கிலித்தட வண்டிக்கென ‘எச்’ என்னும் தனி ஓட்டுநர் உரிம வகையே உண்டு. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வாகன வரி விலக்கும் கிடைக்கும். அதாவது, அந்த அரசு இவ்வாசையை ஒழுங்குபடுத்தியது, ஒழிக்கவில்லை.

ஆசை என்று சொன்னாலும், வாங்கியவர் முன்னால் கிடப்பது உழைப்புத்தான். ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டியில் முதலில் சாவது ரப்பர். நீரியல் உருளைகளின் ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. வாளியை உயர்த்தினால் எண்ணெய் கசிகிறது. அலுமினிய உடலில் எஃகு மரைகள் இறங்கிய இடங்களில் ஈரம் புகுந்தால், இரு உலோகங்களும் சேர்ந்து அரிப்பை வளர்க்கின்றன. மரையைத் திருகினால் தலை மட்டும் கையோடு வருகிறது. டீசல் தொட்டியின் அடியில் நீர் தேங்கி நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. சங்கிலித்தடத்தின் ஆணிகள் தேய்ந்து தடம் நீள்கிறது. நீண்ட தடம் திருப்பத்தில் கழன்று விழுகிறது. கடையில் கிடைக்கும் உதிரிபாகம் எதுவும் இதற்குப் பொருந்தாது. கையேட்டைத் தேட வேண்டும். கையேடு எழுதாததை, அந்த வண்டியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். மிதப்பதற்கு முன் எந்தெந்த அடைப்பை எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்பதை அவருடைய விரல்கள் அறியும். அவர் வாயால் சொல்ல முயன்றால் பாதிதான் வரும். அவரை வண்டியின் அருகில் நிறுத்தினால் முழுவதும் வரும்.

இதுவே கருத்தின் மையம். ஓர் இயந்திரம் ஓடும்போது மட்டுமே அதைப் பற்றிய அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்கிறது. பேசுவோர் இல்லாத மொழியின் அகராதி நூலகத்தில் இருக்கலாம். அதனால் அம்மொழி வாழ்வதாக எந்த மொழியியலாளரும் சொல்லமாட்டார். பீடத்தில் நிற்கும் வண்டி, பேசுவோர் அற்ற மொழியின் அகராதியிலிருந்து கிழித்த அட்டை.

இந்தியாவுக்கு இது அந்நியமான கருத்தும் அன்று. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் மூலதனம், போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்கள். அவற்றைச் செப்பனிட்டுத்தான் தராய்க் காடுகளைத் திருத்தவும், நடு இந்தியாவின் கரிசல் நிலங்களை மூடியிருந்த காஸ் புல்லை ஆழ உழுது வேரறுக்கவும் அரசு புறப்பட்டது. புதிய டிராக்டர்கள் வாங்க 1949இல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் பெற்றது பிந்தைய கதை. போர் மிச்சத்தைப் பழுதுபார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டது முந்தைய கதை. உணவுப் பஞ்சத்தின் நிழலில் பிறந்த ஒரு குடியரசு, தன் முதல் ஆண்டுகளில் செய்த வேலைகளுள் இதுவும் ஒன்று. அந்த வண்டிகளுள் ஒன்றை ஓடும் நிலையில் இன்று எந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் மாணவர் பார்க்க முடியும்?

இன்றைய விதிகள் அவரைப் பார்க்கவிடமாட்டா. 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகனங்களுக்கான பதிவு விதி, ஐம்பது ஆண்டு கடந்த, தன் மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். செல்வந்தரின் பழைய காருக்கு அங்கே இடம் உண்டு. ஆறு சக்கரத்தில் பாலம் சுமந்த சுமையுந்துக்கும், சங்கிலித்தடத்தில் ஊர்ந்த மண்வாரிக்கும் இல்லை. மறுபுறம், 2023 ஏப்ரல் முதல் அரசின் வண்டிகள் பதினைந்து ஆண்டு கடந்தால் பதிவை இழந்து உடைப்புக்குச் செல்ல வேண்டும். நாட்டின் பாதுகாப்புப் பணியில் ஈடுபடும் சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது பணிக்கான விலக்கு, மரபுக்கான விலக்கு அன்று. இரு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அரசின் வண்டி பதினைந்தாம் ஆண்டில் உடைபட வேண்டும். ஐம்பதாம் ஆண்டில்தான் மரபாக மதிக்கப்படும். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளை அது எங்கே ஒளிந்து கழிக்கும்?

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றுள் வலிமை மிக்கது ஆய்வுலகின் இடதுபக்கத்திலிருந்து வருகிறது. படைக்கருவியை ஓடவைத்துக் கொண்டாடுவது படைவாதம்; புல்டோசர் என்னும் சொல்லே இந்நாட்டில் அச்சத்தின் பெயராகிவிட்ட காலத்தில் அதற்கு எண்ணெயிட்டுத் துடைப்பது யாருக்கான பணி என்று அது கேட்கிறது. வாதத்தின் உண்மையை மறுக்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டைத் தண்டனையாக இடிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தராயில் காடு திருத்திய அதே டிராக்டர்களின் பின்னால் வந்த குடியேற்றத்தில் தாரு பழங்குடியினர் நிலம் இழந்தனர் என்பதும் வரலாறு. ஆயினும் இவை யாவும் வண்டியைப் பாதுகாப்பதற்கு ஆதரவான சான்றுகளே. சின்னமாக மாறிய இயந்திரத்தை வணங்கவோ வெறுக்கவோ மட்டுமே முடியும், விசாரிக்க முடியாது. பட்டறையில் திறந்து கிடக்கும் இயந்திரத்தை விசாரிக்கலாம். இது எதற்காக வந்தது, யார் ஓட்டினார், யார் நிலத்தில் ஓடியது, யார் வீட்டின்மீது ஓடியது என்னும் கேள்விகளை அதன் அருகில் நின்று கேட்கலாம். பீடம் அக்கேள்விகளை அனுமதிப்பதில்லை. காயலான் கடை அக்கேள்விகளுக்கான சான்றையே உருக்கிவிடுகிறது.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு பற்றியது. நாற்பதாண்டுப் பழைய மண்வாளியில் ஒளிந்திருக்கும் இரகசியம் யாது? எஃப்வி180 வெளிநாடுகளுக்கும் விற்கப்பட்ட வண்டி. அதன் இந்தியப் பிரதியைத் திறந்து பார்ப்பதால் எந்த எதிரிக்கும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. படைக்கலத்தையும் தொடர்புக் கருவியையும் அகற்றிவிட்டு மீதியைத் தரலாம். துப்பாக்கிக்குழல் உள்ள டாங்கியையே நாற்சந்தியில் நிறுத்த இசையும் அரசு, குழலே இல்லாத பாலவண்டிக்கு அஞ்சுவது விந்தை.

மூன்றாவது, செலவு. பீடம் கட்டவும் செலவுண்டு, பளுதூக்கியில் ஏற்றி இறக்கவும் செலவுண்டு, திறப்புவிழாவுக்கும் செலவுண்டு. செலவு என்னும் சொல், ஓடும் வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. ஐஎன்எஸ் விக்ராந்த் மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்து, பராமரிக்க வழியில்லை என்று 2014இல் உடைப்புக்குச் சென்றது. அதன் உலோகம் 2016இல் ஒரு மோட்டார் சைக்கிளின் விளம்பரமாயிற்று. நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலை எரிபொருள் தொட்டியின் ஒரு சின்னமாகச் சுருக்கியதைச் சிக்கனம் என்று சொல்லலாம். அதே மூச்சில் அதனை நினைவுப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது.

நான்காவது வாதம் நேர்மையானது. அதற்குப் பாதி இசைவு தர வேண்டும். தனியார் உடைமை என்றால் இந்நாட்டில் அது பணக்காரரின் பொழுதுபோக்காகும். படையிலிருந்து ஏலத்தில் வந்த ஜோங்காக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அச்சம் நியாயமே. அன்போடு மூலவடிவத்தில் காத்தவர்கள் உண்டு. வேறு எஞ்சினும் பெரிய டயரும் பளபளப்பும் பூட்டி, ஜபல்பூர் ஆலையின் தடயமே இல்லாமல் செய்தவர்களும் உண்டு. ஆகவே திறந்த ஏலம் மட்டும் விடையாகாது. ஆனால் தனியாரா அரசா என்பதோடு தேர்வு முடிவதில்லை. பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகிய பொது நிறுவனங்கள் இருக்கின்றன. ரூர்க்கியில் 1847இல் தோன்றிய பொறியியல் கல்லூரியின் வழிவந்த ஐஐடியும் வங்க சாப்பர்ஸின் தலைமையகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்துள்ளன. சென்னையை அடுத்த ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவானது. அதன் அடிச்சட்டத்தின்மீதே ‘கார்த்திக்’ என்னும் பாலமிடும் வண்டி அமைந்தது. அந்த ஊரைச் சுற்றியும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. விஜயந்தாவைப் பீடத்தில் பார்த்த மாணவர் பலர். கார்த்திக் தன் பாலத்தை விரித்து மடக்குவதைப் பார்த்தவர் யார்?

எனவே கோரிக்கை எளியது. பணிநீக்கம் பெறும் பொறியாளர் வண்டிகளின் பட்டியல், ஏலத்துக்குச் செல்லும் முன் பொதுக் கல்வி நிறுவனங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வர வேண்டும். வகைக்கு ஒன்றேனும், ஓடும் நிலையிலோ ஓடவைக்கத்தக்க நிலையிலோ, கையேட்டோடும் கருவிப்பெட்டியோடும் உதிரிபாகங்களோடும் தரப்பட வேண்டும். பழம்பெரும் வாகன விதி, பல அச்சு வண்டிகளையும் சங்கிலித்தட வண்டிகளையும் வளாக எல்லைக்குள்ளேனும் ஏற்க வேண்டும். அவற்றை ஓட்டியும் பழுதுபார்த்தும் ஓய்வுபெற்ற சாப்பர்களும் இஎம்இ கைவினைஞர்களும் உயிரோடு இருக்கும்போதே, அவர்களுடைய பட்டறைப் பேச்சு பதிவாக வேண்டும். இதில் இயந்திரவியல் துறைக்கு மட்டுமன்றி வரலாற்றுத் துறைக்கும் மொழியியல் துறைக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பேச்சில் தமிழும் இந்தியும் பஞ்சாபியும் ஆங்கிலமும் எவ்வாறு கலந்தன என்பதை எந்தக் கையேடும் சொல்லாது.

இனி ஒரு துணைவேந்தர் அமைச்சரிடம் டாங்கி கேட்க விரும்பினால், பாலமிடும் வண்டி ஒன்றைக் கேட்கட்டும். மூடிகள் பற்றவைக்கப்படாமல் அது வரட்டும். அதனை நிறுத்தப் பீடம் வேண்டாம். தகரக் கூரையும் எண்ணெய் படிந்த தரையும் உள்ள ஒரு கொட்டகை போதும்.